டேவி அலிசன்: அப்பாவிடமிருந்து வந்தது எது, அவராகச் சம்பாதித்தது எது?

வளைவோரம்:

வேறோர் இழையில் ஒரு நண்பர், "அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும், கார் தானாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும்" என்று எழுதியிருந்தார். இரண்டு வரியில் மறுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை, அதனால்தான் இந்தத் தனி இழை.

நான் எடுத்துக்கொள்ளும் ஆள் டேவி அலிசன். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் உச்சத் தொடர், வின்ஸ்டன் கோப்பையில் 191 பந்தயங்கள் ஓடி 19 வென்றவர். சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை. 32 வயதில் போய்விட்டார். வாரிசு என்ற சொல்லை உரசிப் பார்க்க இவரைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

அப்பா பாபி அலிசன் 1983இன் சாம்பியன், அந்த விளையாட்டின் பெரிய தலைகளில் ஒருவர். பாபியும் தம்பி டானியும் மயாமிக்காரர்கள். அலபாமாவின் சிறு தடங்களில் பரிசுப் பணம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வடக்கே கிளம்பி, பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஹியூடவுன் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். ரெட் ஃபார்மர் கூட வந்தார், பிறகு நீல் பானெட் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஓட்டுநர்களை வென்று பணத்தை அள்ளிக்கொண்டு வந்ததால் 'அலபாமா கும்பல்' என்று பெயர் விழுந்தது.

1961 பிப்ரவரியில் பிறந்த டேவி வளர்ந்தது இந்தச் சூழலில்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கார் ஓட்டப் போக நினைத்த பையனை, முதலில் முடி என்று அப்பா நிறுத்தினார். முடித்த பிறகும் கார் வாங்கிக் கொடுக்கவில்லை. பட்டறையில் வேலை கொடுத்தார். பகல் முழுக்க அப்பாவின் கார்களுக்கு உழைக்க வேண்டும், வேலை நேரம் முடிந்த பிறகுதான் சொந்தக் காரைத் தொடலாம். அந்தச் சொந்தக் கார் ஒரு பழைய ஷெவ்ரலே நோவா. கூட்டாளிகளோடு சேர்ந்து இரவுகளில் அதைச் சீர்படுத்தி, 1979இல் பர்மிங்காம் தடத்தில் இறக்கினார். ஆறாவது பந்தயத்திலேயே வெற்றி.

அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் கீழ்நிலைத் தொடர்களிலும் இரவல் கார்களிலும்தான் கழிந்தன. வின்ஸ்டன் கோப்பையில் முதல் பந்தயம் 1985 ஜூலையில், டாலடேகாவில், இன்னொருவர் காரில், பத்தாவது இடம். நிலையான இருக்கை கிடைத்தது 1987இல், 26 வயதில். அதைக் கொடுத்ததும் அப்பாவின் அணி இல்லை.

நான்காம்கியர்:

அந்த வரியை எழுதியவன் நான்தான், அதனால் பதிலும் நானே சொல்கிறேன். பட்டறையில் வேலை வாங்கினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டறைக்குள் நுழைய எத்தனை பேருக்கு வாய்த்தது? சாப்பாட்டு மேசையில் பாபி அலிசன், அடுத்த தெருவில் நீல் பானெட், சித்தப்பா டானி. இன்னொரு வீட்டுப் பையனுக்கு இது இருபது வருடப் படிப்பு. 1985இல் இரவல் கார் கொடுத்தவர் 'அலிசன்' என்ற பெயரைப் பார்க்காமல் கொடுத்திருப்பாரா? பெயர் கதவைத் திறந்தது என்பதுதான் என் வாதம். உள்ளே போய் அவர் நன்றாக ஓட்டினார் என்பதை நான் மறுக்கவே இல்லை.

வளைவோரம்:

நியாயமான பேச்சு. பெயர் கதவைத் திறந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் திறந்த கதவுக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள்.

1987இல் அவருக்குக் கிடைத்தது ரேனியர் அணியின் 28ஆம் எண் ஃபோர்டு. அதற்கு முன் அந்தக் காரை ஓட்டியவர் கேல் யார்பரோ. நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500இல், 1979இன் கடைசிச் சுற்றில் சித்தப்பா டானியும் கேலும் மோதி, இருவரும் புல்வெளியில் கைகலந்து, வண்டியை நிறுத்தி இறங்கிய பாபியும் அடிதடியில் சேர்ந்துகொண்டாரே, அதே கேல். அமெரிக்கா முழுதும் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்த சண்டை அது. எட்டு வருடம் கழித்து அந்த மனிதர் விட்டுப்போன இருக்கையில் அலிசன் வீட்டுப் பையன் உட்காருகிறான். பெயர் ஒத்தாசையா பாரமா என்று நீங்களே சொல்லுங்கள்.

டேவி தன் முதல் டேடோனா 500இலேயே முன்வரிசையில் நின்றார். அதுவரை எந்தப் புதுமுகமும் அங்கே முன்வரிசையில் நின்றதில்லை. மே மாதம் டாலடேகாவில் முதல் வெற்றி. அந்தப் பந்தயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

டாலடேகா 2.66 மைல் நீளத் தடம். வளைவுகளில் பாதை 33 பாகை சாய்ந்திருக்கும், அதில் ஏறி நிற்கவே சிரமம். அந்த வாரம் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் எடுத்திருந்தார், ஏறக்குறைய 342 கிலோமீட்டர். அந்தச் சாதனை இன்றுவரை உடையவில்லை. பந்தயம் தொடங்கி இருபது சுற்று கடந்ததும் பாபியின் காரில் டயர் கிழிந்தது. பின்பக்கம் காற்றில் எழும்பி, முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கும் தடத்துக்கும் நடுவிலிருந்த கம்பிவேலியில் போய் மோதியது. வேலி நீளத்துக்குப் பிய்ந்தது. பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். கார் மட்டும் வேலியைத் தாண்டி உள்ளே விழாமல் தடத்துக்கே திரும்பியது.

டேவி அப்போது அப்பாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அத்தனையையும் பின்னோக்குக் கண்ணாடியில் பார்த்தார். வேலியைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரத்துக்கு மேலானது. அப்பா பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு அதே காரில் ஏறி, அதே வளைவுகளில் மறுபடி முழு வேகத்தில் போய், அந்தப் பந்தயத்தை வென்றார். பெயர் அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்திருக்க முடியும்?

புதியவன்23:

வணக்கம் ஐயா, இந்த விளையாட்டு எனக்குப் புதிது. ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற அதே காரா? அந்த வேகம் இப்போது ஏன் இல்லை?

சுற்றுக்கணக்கு:

தம்பி, தொடக்க காலத்தில் ஏறக்குறைய அதே கார்தான், பெயரும் அப்படி வந்ததுதான். 1980களில் வெளித்தோற்றம் மட்டும் கடைக் கார் மாதிரி. உள்ளே குழாய்ச் சட்டம், V8 எஞ்சின், ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டு. எடை ஒன்றரை டன்னுக்கு மேல். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

பாபியின் அந்த விபத்துதான் வேகத்துக்குக் கடிவாளம் போட்டது. 1988 முதல் டேடோனாவிலும் டாலடேகாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்க, கார்புரேட்டருக்கு அடியில் துளையிட்ட தகடு ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். காற்று குறைந்தால் எரிவது குறையும், குதிரைத்திறன் இறங்கும். அதன் பக்கவிளைவு, எல்லாக் கார்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் கொத்தாக ஓட ஆரம்பித்தன. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு போய், சரியான நொடியில் விலகி முந்துவது அங்கே பெரிய கலையானது. டேவி அந்தக் கலையில் மிகக் கெட்டிக்காரர். அவருடைய 19 வெற்றிகளில் டாலடேகாவில் 3, டேடோனாவில் 2.

1987இல் டோவரிலும் வென்று, ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். முதல் பருவத்திலேயே இரண்டு பந்தயம் வென்ற முதல் ஓட்டுநர் அவர்.

பர்மிங்காம்_செல்வி:

நான் பர்மிங்காமில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் இந்த விளையாட்டின் தலைகால் எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் மேசையில் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த சின்னப் பொம்மைக் கார், 28 என்று எண் போட்டது. என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான், மதிய உணவு நேரம் முழுக்க அவர்தான் பேசினார். இங்கே ஐம்பது வயது தாண்டியவர்களிடம் 1988 டேடோனா பற்றிக் கேட்டுப் பாருங்கள், யார் வீட்டு முன்னறையில் யாரோடு உட்கார்ந்து பார்த்தோம் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பந்தயத்தை யாராவது எழுதுங்கள். நான் எழுதினால் அழுதுவிடுவேன்.

வளைவோரம்:

செல்வி அக்கா, எழுதுகிறேன்.

1988 பிப்ரவரி 14. டேடோனா 500. கடைசிச் சுற்றுகளில் முதலில் பாபியின் 12ஆம் எண் பியூக். ஒட்டிக்கொண்டே 28ஆம் எண் ஃபோர்டு. அப்பாவுக்கு 50 வயது, மகனுக்கு இன்னும் 27 ஆகவில்லை. கடைசி வளைவை விட்டு வெளியே வரும்போது டேவி விலகிப் பார்த்தார். முந்த முயன்றார், விட்டுக்கொடுப்பதற்காக அல்ல. பாபியும் மகன் என்று வழி விடவில்லை. இரண்டரைக் கார் நீள இடைவெளியில் அப்பா வென்றார். அந்த வயதில் டேடோனா 500 வென்றவர் அதற்கு முன்பும் இல்லை, இன்றுவரையும் இல்லை. பரிசு மேடையில் டேவி அப்பாவின் தலையில் பீரை ஊற்றுகிற படம் இருக்கிறது. இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

முந்தைய வருடம் டாலடேகாவில் மகன் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். இந்த முறை அப்பாவின் கண்ணாடி முழுக்க மகன்.

நான்கு மாதம் கழித்து, ஜூன் 19. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். பொக்கோனோவில் முதல் சுற்றிலேயே பாபியின் காரில் டயர் போனது. கட்டுப்பாட்டை இழந்து குறுக்கே நின்ற காரை, ஓட்டுநர் பக்கத்திலேயே இன்னொரு கார் வந்து இடித்தது. தலையில் பலத்த காயம். பிழைத்தார், மெல்ல மெல்லப் பேச்சும் நடையும் திரும்பின. ஆனால் மறுபடி பந்தயம் ஓட்டவில்லை. நினைவின் ஒரு பகுதியும் திரும்பவில்லை. போன பகுதிக்குள் அந்த பிப்ரவரி 14 இருந்தது. மகனும் தானும் முதலும் இரண்டுமாக வந்த பந்தயத்தைப் பாபி அதற்குப் பிறகு ஒருமுறையும் நினைவுகூர முடிந்ததில்லை. ஒளிப்பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த நாளை இருந்து அனுபவித்து, மனதில் வைத்திருந்தவர் இருவரில் டேவி ஒருவர்தான்.

பட்டறைக்காரன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேலே எழுதியதைப் படித்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை.

நான் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரரின் மகன். பன்னிரண்டு வயதில் பட்டறைக்குள் போனேன். அப்பா என்னை ஒருநாளும் முதலாளி மகன் என்று நடத்தியதில்லை. கூலிக்காரர்கள் சாப்பிட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு. வெல்டிங் கையில் பிடிபட்ட பிறகும் மூன்று வருடம் துரு சுரண்டும் வேலைதான் கொடுத்தார். அப்போது கோபம் கோபமாக வரும். பகல் முழுக்க அப்பா காருக்கு, இரவில் சொந்தக் காருக்கு என்று வளைவோரம் ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தத் துரு வாசனை மூக்கில் ஏறியது.

நான்காம்கியர் நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். அப்பா பெயரால் வருகிற வாடிக்கையாளர் முதல் முறைதான் வருவார். கூண்டின் பற்றவைப்பு ஆறு மாதத்தில் விட்டுப்போனால், அடுத்த முறை அந்தப் பெயருக்காகவே வரமாட்டார். இன்னாருடைய மகனா இப்படி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டும் போவார். பெயர் இல்லாதவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நான்காம்கியர்:

பட்டறைக்காரன் சொன்னது எனக்கு உறைக்கிறது. 'தானாக வரும்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் வேறொரு கேள்வி. அப்பாவிடமிருந்து வந்தது திறமை மட்டும்தானா? காயத்தோடு ஓட்டுவது, எலும்பு முறிந்தாலும் இருக்கையை விடாதது, இதுவும் அந்த வீட்டு வழக்கம்தானே? 1992ஐ ஒரு வீரக் கதையாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. அந்த வருடம் யாராவது அவரை உட்கார வைத்திருக்க வேண்டும்.

சுற்றுக்கணக்கு:

1992ஐப் பேசுவதற்கு முன் நடுவில் விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். 1988 இறுதியில் டேவி ஓட்டிய ரேனியர் அணியை அதன் எஞ்சின் வல்லுநர் ராபர்ட் யேட்ஸ் வாங்கினார். அடுத்த இரண்டு வருடம் ஆண்டுக்கு இரண்டு வெற்றி. 1991 வசந்தத்தில் லேரி மெக்ரெனால்ட்ஸ் குழுத் தலைவராக வந்ததும் அணியின் முகமே மாறியது. சார்லட்டில் 600 மைல் பந்தயம் உட்பட அந்த ஆண்டு ஐந்து வெற்றிகள், புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம்.

இனி 1992.

பிப்ரவரியில் டேடோனா 500 வென்றார். லீ பெட்டி, ரிச்சர்ட் பெட்டிக்குப் பிறகு அந்தப் பந்தயத்தை வென்ற இரண்டாவது தந்தை மகன் இவர்கள்தான். ஏப்ரலில் பிரிஸ்டலில் மோதி விலா எலும்பில் அடி. அதே வலியோடு அடுத்த வாரம் நார்த் வில்க்ஸ்பரோவில் வெற்றி. மே 16 இரவு, சார்லட்டில் முதல்முறையாக விளக்கொளியில் நடந்த நட்சத்திரப் பந்தயம். கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுழன்று போக, கைல் பெட்டியும் டேவியும் பக்கம் பக்கமாகக் கோட்டுக்கு வந்தார்கள். டேவி முந்திக் கோட்டைத் தொட்ட கணத்தில் இரண்டு கார்களும் உரசின, 28 சுவரில் போய் மோதியது. வெற்றி மேடைக்குப் போக வேண்டியவர் மருத்துவமனைக்குப் போனார்.

ஜூலை, பொக்கோனோ. பெரும்பாலான சுற்றுகளில் முன்னணியில் இருந்தவர். டேரல் வால்ட்ரிப்போடு தொட்டுக்கொண்டதில் கார் பதினொரு முறை உருண்டது. கை, மணிக்கட்டு, காறை எலும்பு முறிவு, தலையில் அதிர்ச்சி. அதற்கடுத்த வார இறுதியில் டாலடேகா.

புள்ளி முறை அன்று எப்படி என்றால், பந்தயத்தைத் தொடங்குகிற ஓட்டுநருக்குத்தான் புள்ளி. பிறகு வேறொருவர் ஏறி ஓட்டினாலும் கணக்கு தொடங்கியவர் பெயரில் சேரும். அதனால் டேவி கட்டோடு காரில் ஏறினார். கியர்த் தண்டைப் பிடிக்க முடியாத கையை, ஒட்டும் பட்டையால் அதோடு சேர்த்து நிறுத்தினார்கள். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு, எல்லாரையும் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்ததும் பாபி ஹில்லினிடம் காரைக் கொடுத்தார். ஹில்லின் மூன்றாவதாக முடித்தார். புள்ளிகள் டேவிக்கு.

பர்மிங்காம்_செல்வி:

அதற்கு மூன்று வாரத்துக்குள்தான் டேவியின் தம்பி கிளிஃபர்ட். ஆகஸ்ட் 13, மிச்சிகன் தடம், துணைத் தொடருக்கான பயிற்சி ஓட்டத்தில் சுவரில் மோதி இறந்தார். 27 வயது. பாபி அன்று அந்தத் தடத்தில்தான் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை டேவி அதே தடத்தில் ஓட்டி ஐந்தாவதாக வந்தார்.

நான்காம்கியர் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். பொம்மைக் கார் வைத்திருந்த பெரியவரிடமே கேட்டேன், எப்படி விட்டார்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது அம்மா என்றார்.

வளைவோரம்:

நான்காம்கியர், உங்களோடு இந்த இடத்தில் நான் முழுக்க உடன்படுகிறேன். டாலடேகாவில் ஒட்டும் பட்டையோடு ஏறியதை நான் ரசிகனாகக் கொண்டாடியிருக்கிறேன். இன்றைக்கு அப்படிக் கொண்டாட மாட்டேன். தலையில் அடிபட்டவரைப் பரிசோதித்து ஒப்புதல் கொடுத்த பிறகே ஓட்டவிடும் முறை அன்று இல்லை. இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள், நிறுத்தவும் வேண்டும். பாபியும் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் ஓட்டினார். அந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்த சொத்துதான், அதற்கான விலையும் கூடவே வந்தது.

ஆனால் மெக்ரெனால்ட்ஸோடு சேர்ந்து அவர் கற்றுக்கொண்டது வேறு. தொடக்க வருடங்களின் டேவி அவசரக்காரர், ஏழாவது இடத்தில் பத்திரமாக முடிக்க வேண்டிய காரை இரண்டாவதுக்குக் கொண்டுபோகப் பார்த்துச் சுவரில் விடுவார். 1992 இலையுதிர்காலத்து டேவி அப்படி இல்லை. வெல்ல முடியாத நாளில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். நவம்பர் தொடக்கத்தில் ஃபீனிக்ஸில் வென்று புள்ளிப் பட்டியலின் தலைக்கு வந்தார். அது அவராகச் சம்பாதித்தது. அப்பாவின் ஓட்டத்தில் அந்தப் பொறுமை அவ்வளவாகக் கிடையாது.

புதியவன்23:

கடைசிப் பந்தயம் என்ன ஆயிற்று ஐயா? பட்டம் ஏன் வரவில்லை?

சுற்றுக்கணக்கு:

நவம்பர் 15, அட்லாண்டா. ஆறு பேருக்குக் கணக்களவில் வாய்ப்பு. டேவி 3,928 புள்ளிகளோடு முதலில், ஆலன் குல்விக்கி 30 பின்னால், பில் எலியட் 40 பின்னால். ஐந்தாவதாக முடித்தாலே போதும், மற்றவர்கள் என்ன செய்தாலும் பட்டம் டேவிக்கு.

மொத்தம் 328 சுற்று. 250ஐத் தாண்டியபோது டேவி தேவையான இடத்தை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் போன எர்னி எர்வனின் டயர் போய், அவர் கார் நேர்கோட்டில் குறுக்கே சுழன்றது. டேவிக்கு விலக இடமில்லை. நேராக மோதினார். காரைப் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிடப் பார்த்தார்கள், பயனில்லை. 27ஆவது இடம்.

பிறகு நடந்தது எண்களின் விளையாட்டு. எலியட் பந்தயத்தை வென்றார், குல்விக்கி இரண்டாவது. ஆனால் அதிகச் சுற்று முன்னணியில் இருப்பவருக்கு 5 புள்ளி கூடுதல். குல்விக்கி 103 சுற்று, எலியட் 102. அந்த ஒரு சுற்றால் குல்விக்கி 4,078, எலியட் 4,068. டேவி 4,015. ஒரு சுற்று முன்னணியில் இருந்ததற்கான 5 புள்ளி டேவி கையில் ஏற்கெனவே இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால், அன்று ஆறாவதாக முடித்திருந்தால்கூட 4,083 வந்திருக்கும்.

பட்டறைக்காரன்:

ஒரே ஒரு டயர். அதுவும் அவருடைய டயர்கூட இல்லை.

வளைவோரம்:

ஆமாம். காரிலிருந்து இறங்கி வந்தவர் எர்வனைத் திட்டவில்லை. ஒளிவாங்கிக்கு முன்னால் அமைதியாக நின்று பேசிவிட்டுப் போனார். பத்து வருடத்துக்கு முந்தைய அலிசன் குடும்பத்துக்கு அது புதிது. புல்வெளிச் சண்டை போட்ட வீடு அது.

1993 மார்ச்சில் ரிச்மண்டில் வென்றார். பத்தொன்பதாவது வெற்றி. அதுவே கடைசி. ஏப்ரல் 1 அன்று குல்விக்கி பயணம் செய்த விமானம் பிரிஸ்டல் பக்கத்தில் விழுந்தது. சாம்பியன் ஐந்து மாதம்கூடச் சாம்பியனாக இருக்கவில்லை. ஜூலை 11 நியூ ஹாம்ப்ஷயரில் முதல்முதலாக நடந்த கோப்பைப் பந்தயத்தில் டேவி மூன்றாவது.

மறுநாள், ஜூலை 12. நீல் பானெட்டின் மகன் டாலடேகாவில் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அலபாமா கும்பலின் இன்னொரு வாரிசு. அவன் ஓட்டுவதைப் பார்க்க, புதிதாக வாங்கிய ஹெலிகாப்டரில் டேவி கிளம்பினார், பக்கத்தில் ரெட் ஃபார்மர். தடத்துக்கு உள்ளே, வேலி சூழ்ந்த வாகன நிறுத்தத்தில் இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே கட்டுப்பாடு போனது. நீல் பானெட் ஓடிவந்து ரெட் ஃபார்மரை வெளியே இழுத்தார். டேவியை அவரால் எடுக்க முடியவில்லை. மீட்புக் குழு எடுத்தது. ஜூலை 13 காலை பர்மிங்காம் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஹெலிகாப்டரில் அவருக்குப் போதிய பழக்கம் இல்லை என்பதையும், இறங்கத் தேர்ந்த இடத்தையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. 33 பாகைச் சாய்வில் கொத்தாக ஓடும் காருக்குள் அத்தனை வருடம் பிழைத்தவர்.

அந்த வாரம் பொக்கோனோவில் வென்ற டேல் எர்ன்ஹார்ட், 28 என்று எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு தடத்தை எதிர்த்திசையில் சுற்றினார். குல்விக்கி தன் முதல் வெற்றியில் சுற்றிய முறை அது. ஒரே சுற்றில் இருவருக்கும் வணக்கம். எர்ன்ஹார்ட்டும் ஒரு ஓட்டுநரின் மகன்தான்.

நான்காம்கியர்:

இருந்திருந்தால் சாம்பியன் ஆகியிருப்பாரா? உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

வளைவோரம்:

ஆகியிருப்பார் என்றே நம்புகிறேன். கார் இருந்தது, அதற்குச் சாட்சி பின்னால் வந்தவர்கள். 28இல் அடுத்து நிலையாக உட்கார்ந்தவர் அதே எர்னி எர்வன். உட்கார்ந்த சில வாரத்தில் மார்ட்டின்ஸ்வில்லில் வென்றார். 1994இல் பட்டத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது மிச்சிகனில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அவருக்குப் பதிலாக 1995இல் அந்தக் காரை ஓட்டியவர் டேல் ஜாரெட், நெட் ஜாரெட்டின் மகன். 1993 டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் டேல் வென்றபோது அதைத் தொலைக்காட்சியில் வர்ணித்துக்கொண்டிருந்தவர் அப்பா நெட். நடுவுநிலை மறந்து மகனை ஓட்டச் சொல்லி உற்சாகப்படுத்திய அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

ராபர்ட் யேட்ஸுக்கு முதல் பட்டம் கிடைத்தது 1999இல், ஜாரெட் மூலமாக. டேவி எழுப்பிய வீட்டில் இன்னொரு வாரிசு விளக்கேற்றினார். டேவிக்கு அன்று 38 வயது இருந்திருக்கும், ஜாரெட்டைவிட நான்கு வயது குறைவு.

சுற்றுக்கணக்கு:

இன்னொரு தகவலைச் சேர்க்கிறேன். அந்த அட்லாண்டா பந்தயம் ரிச்சர்ட் பெட்டிக்குக் கடைசி, ஜெஃப் கார்டனுக்கு முதல். நாஸ்கார் புகழ் மன்றத்தின் 2019 அணியில் நுழைந்த ஐவரில் மூவர் டேவி அலிசன், ஆலன் குல்விக்கி, ஜெஃப் கார்டன். 1992 நவம்பர் 15 அன்று ஒரே தடத்தில் ஓடியவர்கள். கார்டன் மட்டும் மேடையில் வந்து நின்று வாங்கிக்கொண்டார்.

பர்மிங்காம்_செல்வி:

அப்பா அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளை ஒரு வருடத்துக்குள் இழந்தார்கள். பாபியும் ஜூடியும் 1996இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். 2000இல் கைல் பெட்டியின் மகன் ஆடம் பெட்டி நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் இறந்தான், 19 வயது. அந்தத் துக்கத்தில் பெட்டி குடும்பத்துக்குத் தோள் கொடுக்க இருவரும் ஒன்றாகப் போனார்கள். அந்த ஆண்டே மறுபடி திருமணம் செய்துகொண்டார்கள். 2015இல் ஜூடி போகும்வரை சேர்ந்தே இருந்தார்கள்.

புதியவன்23:

நேற்று இரவு 1988 பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளையும் பரிசு மேடையையும் தேடிப் பார்த்தேன். பீர் ஊற்றும் இடத்தில் பாபி கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். நன்றி ஐயா. பாபி இப்போது இருக்கிறாரா?

வளைவோரம்:

இல்லை தம்பி. 2024 நவம்பர் 9 அன்று 86 வயதில் காலமானார். இறப்பதற்குச் சில வாரம் முன்பு நாஸ்கார் ஒரு பழைய கணக்கைத் திருத்தியது. 1971இல் வின்ஸ்டன்-சேலம் நகரத்துச் சிறு தடத்தில் முஸ்டாங் ஓட்டி, ரிச்சர்ட் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி வென்றார் பாபி. அன்றைக்கு இரண்டு வகைக் கார்கள் சேர்ந்து ஓடியதால், முஸ்டாங் வேறு வகை என்று சொல்லி அந்த வெற்றியை யார் கணக்கிலும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அது தன்னுடையது என்று பாபி பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 53 வருடம் கழித்துக் கொடுத்தார்கள். டேவிக்கு அந்தப் பந்தயம் நடந்தபோது பத்து வயது.

இப்போது பதிவேட்டில் பாபி அலிசன் 85 வெற்றி. 1988 பிப்ரவரி 14 வரியில் மாற்றம் எதுவும் இல்லை. முதலிடம் பாபி அலிசன், இரண்டாம் இடம் டேவி அலிசன்.